தீவு விடுதியில் தனியாக

தனியாகத்தான் வந்தேன், கூட யாரையும் கூப்பிடவில்லை. படகில் மட்டுமே வந்துசேர முடிகிற சின்னத் தீவு, அதில் ஒரே ஒரு விடுதி, செல்போன் சிக்னல் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. மனசு இவ்வளவு லேசாகி ரொம்ப நாளாயிற்று.

இங்கே கடிகாரம் பார்க்கத் தோன்றவே இல்லை. கடல் ஏற 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, வற்றவும் அதே அளவு, நிலாவும் நகர்ந்துகொண்டே இருப்பதால் கடல் ஏறி வற்றும் வேளையும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது, அதனால் நேற்று இதே நேரத்தில் நடந்துபோன பாறைத்திட்டில் இன்று இன்னும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. சரி என்று காத்திருந்தேன். வற்றியதும் ஒரு பாறைக்குழியில் குனிந்து பார்த்தால் துறவி நண்டு ஒன்று! பக்கத்தில் கிடந்த காலிச் சங்கைக் காலால் தடவித் தடவி, உள்ளே விட்டுப் பார்த்து, திருப்தியானதும் பழைய சங்கிலிருந்து சட்டென்று வெளியே வந்து இதற்குள் புகுந்துகொண்டது. அந்த மிருதுவான, வளைந்த பின்னுடல் வெளியே தெரிந்தது ஒரு நொடிதான். வீட்டில் இருந்திருந்தால் இதற்கெல்லாம் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அப்புறம் சாப்பாடு, தூக்கம், திரும்பக் கடல்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் தயவுசெய்து போய் வாருங்கள். திரும்பும் படகு நேரத்தை முன்பே கேட்டுவிடுங்கள், வழக்கமான மருந்தும் ஒரு டார்ச்சும் பையில் இருக்கட்டும், எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள்.