முப்பத்தோராம் நாள் வரை

20.11.2022, ஞாயிறு

பெரியம்மா தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டுப் போயிருக்கிறார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் அது ஓடக் கூடாதாம். இன்றிரவு 9.30க்கு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் கட்டாரும் ஈக்குவடோரும் மோதுகின்றன என்பதைக் குசினிக் கலண்டரில்தான் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு திகதியின் கீழும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார், கட்டார் நேரத்துடன் இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டி, எங்கள் நேரத்துக்கு மாற்றி, டிசம்பர் 18 வரையும் எழுதி, இறுதியாட்டத்தின் "8.30"க்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் கிழமை எழுதியது அது. நவம்பர் 17ஆம் திகதிக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. அன்று ஆட்டம் இல்லை.

22.11, செவ்வாய்

ஆர்ஜன்டீனா சவூதி அரேபியாவிடம் 2–1 என்று தோற்றுவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த மூன்று பேர் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திடீரென்று வெட்கப்பட்டு, அப்பாவுக்குக் கடைசியில் என்ன வருத்தம் என்று கேட்டார்கள்.

24.11, வியாழன்

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்தது. அப்பாவுக்குப் பிடித்தவை என்று பெரியம்மா பதினொரு கறி படைத்தார். அவற்றுள் பாகற்காய் அப்பா தன் வாழ்நாளில் தொடாதது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சித்தப்பா, அப்பாவுக்கான நினைவு நூலான கல்வெட்டைப் பற்றிய பேச்சை எடுத்தார். 31ஆம் நாளுக்குள் அச்சாகி வந்துவிட வேண்டும், வீட்டில் தமிழ் எழுதுகிறவள் நான்தான், ஆகவே வாழ்க்கை வரலாறு என் பொறுப்பு. பிறப்பு, கல்வி, உத்தியோகம், இல்லறம், மக்கட்பேறு, சமூகப்பணி என்று ஒழுங்கையும் அவரே சொன்னார். உதைபந்தாட்டம் இதில் எதற்குள் வரும் என்று கேட்டேன். "அது என்னத்துக்குப் பிள்ளை?" என்றார்.

அப்பாவின் வலக்கைச் சுட்டுவிரல் நடுமூட்டிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். ஊர் வாசிகசாலைக் கழகத்துக்காகப் பனஞ்சலாகைக் கம்பங்களுக்கு நடுவே, கையுறை எதுவுமில்லாமல் கோல் காத்த காலத்தில் முறிந்த விரல் அது. ஒட்சிசன் அளக்கிற கிளிப் அதில் நிற்பதில்லை. தாதி ஒவ்வொரு முறையும் மறந்துபோய் அதே விரலில் மாட்டுவார், அது வழுக்கி விழும், பிறகு பக்கத்து விரலுக்கு மாற்றுவார். அப்பாவும் ஒவ்வொரு முறையும், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்ட நாள்களிலும்கூட, அந்த விரலின் வரலாற்றைச் சிங்களத்தில் முதலிலிருந்து தொடங்குவார். இதைக் கல்வித் தலைப்பில் எழுதுவதா, உத்தியோகத்தில் எழுதுவதா?

26.11, சனி

ஒரு வசனம் கிடைத்துவிட்டது. "1995ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் இலங்கை அணி இந்தியாவை மேலதிக நேரத்தில் 1–0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்றபோது, தம் எட்டு வயது மகளைத் தோளில் ஏற்றி அக்காட்சியைக் காட்டினார்." சித்தப்பா இதை மக்கட்பேற்றுக்குள் அனுமதிப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவின் தலையில் தேங்காயெண்ணெய் மணம், கச்சான் பொட்டலத்தின் சூடு, முன்னால் நின்றவரின் குடை, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பியதால் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போனது. போர்நிறுத்த மாதங்கள் அவை. பஸ்ஸில் என்னைத் தமிழில் பேசாதே என்று யாரும் சொல்லவில்லை என்பதும் நினைவிருக்கிறது, அல்லது அது நான் பின்னர் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். இரண்டு கிழமை கழித்து, ஏப்ரல் 19இல் திருகோணமலையில் கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டுப் போர் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அப்பா என்னை எந்த மைதானத்துக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

27.11, ஞாயிறு

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அது உனக்குக் கொப்பளிப்பான் வந்த கிழமை பிள்ளை. வேப்பிலைக்குள்ளே கிடந்தனி, எங்கே போனனி?" என்றார்.

28.11

கொப்பளிப்பான் 1996இல்தான் வந்தது.

29.11

தம்பியைக் கேட்டால், தனக்கு அப்போது மூன்று வயது என்கிறான். அவனால் என்ன பிரயோசனம்.

1.12, வியாழன், அதிகாலை 3 மணி

வேட்டியை எடுத்துவிட்டோம். பாதி இரவில் தம்பிதான் எழுப்பினான். கனடாவிலிருந்து வந்த நாள் முதல் அவனுக்கு இரவில் நித்திரை இல்லை. சத்தத்தை முற்றாகக் குறைத்து, அம்மாவின் அறைக் கதவைச் சாத்தி, ஆர்ஜன்டீனா–போலந்து ஆட்டத்தைப் பார்த்தோம். சத்தமில்லாமல் பார்க்கும்போது பந்துக்குப் பின்னால் ஓடத் தோன்றுவதில்லை என்பதை இன்றுதான் கண்டேன். அப்பா எப்போதும் பந்தைப் பார்க்காமல் கோல் காப்பாளரின் கால்களைத்தான் பார்ப்பார். பந்து மறுபாதியில் கிடக்கும் நேரத்திலும் அவர் கண் திரையின் ஓரத்தில் அந்த மனிதன் தென்படுகிறானா என்று தேடும். போலந்துக் காப்பாளர் ஷெஸ்னி உயரப் பாய்ந்தபோது அவருடைய கையுறை மெஸ்ஸியின் முகத்தில் பட்டுப் பெனால்டி கொடுக்கப்பட்டது. அதை மெஸ்ஸி அடிக்க, ஷெஸ்னி இடப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். தம்பி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். போலந்து 2–0 என்று தோற்றும் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

அப்பா பவுலோ ரோசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. 1982இல் இத்தாலி பிரேசிலை 3–2 என்று வென்ற ஆட்டத்தில் ரோசி மூன்று கோல் போட்டதை உலகமே சொல்லும். அப்பாவுக்கோ கடைசி நிமிடங்களில் பிரேசிலின் ஒஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோட்டின் மேலேயே அமத்திப் பிடித்த நாற்பது வயது இத்தாலிக் காப்பாளர் டினோ சோஃப்தான் அந்த ஆட்டம். வீடியோக் கசட்டில் அந்த இடத்தை ஓடவிட்டு ஓடவிட்டு, நாடாவே அதில் கீறல் விழுந்துபோனது.

4.12, ஞாயிறு

கல்வெட்டில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவை எழுதுகிறவரிடம் போனேன். சுபகிருது வருடம், கார்த்திகை, அபரபக்கம் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்திருந்தார். உதைபந்து என்ற சொல்லை எங்காவது சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு, அது வெண்பாவுக்குள் அடங்காது தங்கச்சி என்றார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். உதை நிரை, பந் நேர், து நேர்: புளிமாங்காய். அடுத்த சீர் நேரில் தொடங்கினால் தளையும் தட்டாது. அவருக்கு அலகிடத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அடங்காதது வேறு ஏதோ.

7.12, புதன்

மொரோக்கோவின் பூனூ. ஸ்பெயினின் மூன்று சமநிலை தவிர்ப்பு உதைகளில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முதலாவது கம்பத்தில் பட்டது, மற்ற இரண்டையும் அவர் தடுத்தார். முந்தின நாள் குரோஷியாவின் லிவாகோவிச் ஜப்பானின் மூன்றைத் தடுத்திருந்தார். இது கோல் காப்பாளர்களின் உலகக் கிண்ணம், இதையா விட்டுவிட்டுப் போனீர்கள் என்று அப்பாவின் படத்தைப் பார்த்துக் கேட்டேன். கோபம்தான் வந்தது. மருந்துத் தட்டுப்பாட்டில் மூன்று பாமசி ஏறி இறங்கிய நாள்கள் எல்லாம் நினைவுக்கு வந்து, இன்று முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை.

10.12, சனி

ஒரே இரவில் இரண்டு. முதலில் பிரேசில் போனது, பிறகு பாதி இரவுக்கு மேல் ஒல்லாந்து. ஆர்ஜன்டீனாக் காப்பாளர் மார்ட்டினஸ் ஒல்லாந்தின் முதல் இரண்டு உதைகளையும் தடுத்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தோம். "தேத்தண்ணி போடவோ?" என்று கேட்டார்.

தேத்தண்ணியோடு வந்து இருந்தவர், திரையைப் பார்க்காமலே, "அந்த விரலை முறிச்சது உன்ரை சித்தப்பா அடிச்ச பந்துதானே" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் யாருமே இதைச் சொல்லவில்லை.

12.12, திங்கள்

பிஸ்கட் தகரத்துக்குள் அப்பாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டைப்பைக் குறிப்பேடு கிடைத்தது. கணக்குகள் மட்டும். ஏப்ரல் 2ஆம் திகதிப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

வேப்பிலை – 5.00
இளநீர் 2 – 16.00
பஸ் – 14.00
கச்சான் – 5.00
1–0

அம்மாவிடம் காட்டவில்லை. அன்று முழுவதும் என் கட்டிலைவிட்டு அப்பா அசையவில்லை என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினான்கு ரூபா ஓர் ஆளுக்கா, ஓர் ஆளும் அரை டிக்கெட்டுமா? வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை, அங்கே மாறி இன்னொரு பஸ், திரும்ப அதே வழி, நான்கு பயணம். 1995இல் கட்டணம் எவ்வளவு என்று கீழ்மாடியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரைக் கேட்டேன். அவர் 1995இல் பாணின் விலை எவ்வளவு என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கச்சான் ஐந்து ரூபாவுக்கு ஒரு பொட்டலமா, இரண்டா?

13.12

பதினான்கை மூன்றால் வகுத்தால் முழு ரூபா வரவில்லை. நான்காலும் வரவில்லை.

15.12, வியாழன்

அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. என் வசனத்தைச் சித்தப்பா சிவப்பு மையால் வெட்டி, "விளையாட்டிலும் ஆர்வமுடையவர்" என்று ஆக்கியிருக்கிறார். நான் தொலைபேசி எடுத்தேன். அந்த வசனம் உண்மையா என்று எனக்கே தெரியாத நிலையில் அதற்காக வாதாடுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்ததால், விரலைப் பற்றிக் கேட்டுவிட்டேன். மறுமுனையில் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "கோணர் உதை. நான் அடிச்சது நல்ல பந்து. கொப்பர் வெளியே வந்திருக்கக் கூடாது" என்றார். எழுபது வயதுக் குரல் அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் விறைத்துக்கொண்டது. வந்திருக்க வேண்டும் என்றேன். கம்பத்தில் நின்றிருந்தால் கோல் என்றேன். அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.

"யாழ்ப்பாணத்தில் தம் கழகத்தின் கோல் காப்பாளராக விளையாடியவர்" என்று போடச் சம்மதித்தார். சுகததாச வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

17.12, சனி

31. விடியற்காலையில் முகத்துவாரம். எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் கோட்டாவில் இருந்த பெற்றோல் வான் ஒன்றுக்குத்தான் போதுமாக இருந்தது. களனி கங்கை கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் மண்ணிறமாக இருந்தது. தம்பி இடுப்பளவில் நின்று அஸ்தியைக் கரைத்தான். அந்த விரல் எலும்பை நான் முட்டிக்குள் தேடியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

18.12, ஞாயிறு

பெரியம்மா வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி ஓடலாமாம்.

இரவு 11.15. பேனையும் கையுமாக இருந்து எழுதுகிறேன். ஆர்ஜன்டீனாவுக்கு 2–0 என்று முடிந்தது போலிருந்த இறுதியாட்டத்தைப் பிரான்ஸின் எம்பாப்பே 80ஆம், 81ஆம் நிமிடங்களில் சமப்படுத்தினார். பிறகு 3–2, பிறகு 3–3. கடைசிக் கணத்தில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்தார். மார்ட்டினஸ் கோட்டில் நிற்கவில்லை. வெளியே வந்து, உடம்பு முழுவதையும் விரித்து, இடக்காலை நீட்டினார். பந்து அந்தக் காலில் பட்டுத் திரும்பியது. என் தொலைபேசி உடனே அடித்தது. சித்தப்பா. "சரி, வெளியே வரலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது சமநிலை தவிர்ப்பு உதை. நாங்கள் பழக்கத்தில் இன்னும் சத்தமில்லாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தம்பி கூட்டச் சொல்லுகிறான். ரிமோட் அம்மாவின் கையில் இருக்கிறது.