டிசைன் மேசையிலிருந்து சைட்டுக்கு: ஒரே ஒரு தளத்தை வைத்துக் கற்றுக்கொள்ளலாம்

டிசைன் மேசையிலிருந்து சைட் வேலைக்கு மாற நினைக்கும் இன்ஜினியர்கள் முதலில் ஒரு பீமைப் பாருங்கள். டிராயிங்கில் ஒரு வரி: 230-க்கு 450 மி.மீ. பீம், அடியில் 20 மி.மீ. கம்பி நான்கு. கம்பியின் வெட்டுமுகப் பரப்பு தேவைப்பட்டது 1,200 சதுர மி.மீ., கொடுத்தது 1,256. டிசைன் மேசையில் அந்த பீமுக்கு அதோடு வேலை முடிந்தது.

கம்பி கட்டுபவருக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. இருபுறமும் கவர் (கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட்) 30, ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) 8. மிச்சம் 154. நான்கு கம்பிக்கு 80 போக, மூன்று இடைவெளிக்குக் கிடைப்பது 74; ஒன்றுக்கு 24.7 மி.மீ. இருபது மி.மீ. ஜல்லிக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது 25. மயிரிழையில் தவறுகிறது. அதை விட்டுவிட்டாலும், பீம் அதே 230 அகலத் தூணுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். தூணுக்குக் கவர் 40, ரிங் 8. பீமின் ஓரக் கம்பியும் தூணின் மூலைக் கம்பியும் ஒரே கோட்டில் மோதும். பீம் கம்பியை உள்பக்கம் ஒதுக்கியாக வேண்டும். தூண் கம்பி 16 என்றால் உள்ளே கிடைக்கும் அகலம் 102. நான்கு கம்பி போக 22. இடைவெளி ஒன்றுக்கு 7 மி.மீ. ஜல்லி அதில் இறங்காது. சென்ட்ரிங்கை (கான்கிரீட் அச்சுப் பலகையை) பிரித்ததும் அந்த இடத்தின் அடியில் வெறும் ஜல்லி தெரியும். எல்லோரும் வைப்ரேட்டர் பிடித்தவரைத் திட்டுவார்கள். கம்பியை இரண்டு அடுக்காக வைத்திருக்கலாம், அல்லது பீமை 300 அகலம் ஆக்கியிருக்கலாம். இரண்டும் மேசையில் பத்து நிமிட வேலை.

சைட்டுக்கு மாற நினைக்கும் டிசைன் இன்ஜினியர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை, "கணக்கையெல்லாம் மறந்துடு, அங்கே ஆள் சமாளிக்கிறதுதான் வேலை" என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சைட்டில் கணக்கு கூடத்தான் செய்கிறது. மேசையில் பீமுக்கு வலிமை மட்டும் உண்டு. சைட்டில் அதே பீமுக்கு ஒரு தேதி, இத்தனை ஆள், இத்தனை வண்டி, பில்லில் ஒரு வரி எல்லாம் உண்டு. இதைப் பழக ஒரு தளம் போதும். 500 சதுர மீட்டர் தளம், 150 மி.மீ. ஸ்லாப் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாப் 75 கன மீட்டர், பீம் சுமார் 25, மொத்தம் 100. கன மீட்டருக்கு 100 கிலோ வீதம் கம்பி 10 டன்.

வெட்டி, வளைத்து, கட்டி முடிக்க ஒரு கம்பி ஆளும் ஓர் உதவியாளும் ஒரு நாளில் சுமார் 200 கிலோ செய்வார்கள். ஆக 50 ஜோடி-நாள். எட்டு ஜோடி இருந்தால் ஆறே கால் நாள். சென்ட்ரிங்குக்கு, பீம் பக்கங்களையும் சேர்த்து 700 சதுர மீட்டர் என்றால், மரத்தச்சரும் உதவியாளும் நாளைக்கு 10 சதுர மீட்டர் வீதம் 70 ஜோடி-நாள். இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சின்ன நோட்டில் தினமும் மாலை எழுதுங்கள்: எத்தனை ஆள் வந்தார்கள், எவ்வளவு முடிந்தது. அந்த சைட்டின் உண்மையான எண் மூன்று வாரத்தில் கிடைத்துவிடும். பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் அழகாகப் பட்டை வரைபவர் நிறையப் பேர் உண்டு. அந்தப் பட்டையின் நீளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்பவர் குறைவு. தளத்துக்குப் பத்து நாள் சுழற்சி என்று போட்ட அட்டவணை பன்னிரண்டாகக் காரணம் பெரும்பாலும் கம்பியோ சென்ட்ரிங்கோ இல்லை. எலெக்ட்ரிக்கல் பைப் பதிக்கவும் பிளம்பிங் ஸ்லீவ் வைக்கவும் அட்டவணையில் யாரும் நாள் ஒதுக்காததுதான்.

கம்பியில் இன்னும் இரண்டு இடத்தில் பணம் கசியும். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. டிராயிங்படி 4.3 மீட்டர் துண்டு வேண்டுமென்றால் ஒரு கம்பியில் இரண்டு வெட்டலாம், 3.4 மீட்டர் மிச்சம், அதாவது 28 சதவீதம். லிண்டலுக்கோ சேர் கம்பிக்கோ (மேல் கம்பியைத் தாங்கும் வளைத்த கம்பி) அது போகாவிட்டால் பழைய இரும்புதான். லேப் (இரண்டு கம்பி ஒன்றோடொன்று சேரும்) இடத்தைச் சற்று நகர்த்தி 4 மீட்டராக்க முடியுமா என்று கேட்கத் தெரிந்தவர் டிசைன் ஆள்தான். இரண்டாவது, எடை. கம்பியை எடைமேடையில் நிறுத்து வாங்குகிறோம். பில்லில் பெரும்பாலும் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து வரும் கோட்பாட்டு எடைதான் ஏறும். 16 மி.மீ. கம்பிக்கு, கம்பிக்கான தர விதியான ஐ.எஸ். 1786 ஐந்து சதவீதம் கூடக்குறைய அனுமதிக்கிறது. வந்த கம்பி 3 சதவீதம் கனமாக இருந்தால், பத்து டன்னில் 300 கிலோவுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஒவ்வொரு லோடிலும் ஒரு மீட்டர் துண்டு மூன்று வெட்டி நிறுத்துப் பார்ப்பது அரைமணி நேர வேலை.

இனி கான்கிரீட் நாள். நூறு கன மீட்டருக்கு 6 கன மீட்டர் வண்டி 17 வேண்டும். பம்ப் விவரத்தாளில் என்ன எழுதியிருந்தாலும், பரப்பி, வைப்ரேட்டர் போட்டு, மட்டம் பார்த்துப் போகும்போது மணிக்கு 20 கன மீட்டர் போனால் நல்லது. அதாவது 18 நிமிடத்துக்கு ஒரு வண்டி. நிரப்ப 10, வர 45, காத்து இறக்க 20, திரும்ப 35 என்று ஒரு சுற்று 110 நிமிடம். 110-ஐ 18-ஆல் வகுத்தால் ஆறுக்குச் சற்று மேல். ஏழு வண்டி ஓட வேண்டும். ரெடிமிக்ஸ்காரர் "நாலு வண்டி விடுறேன் சார், பாத்துக்கலாம்" என்பார். நான்கு வண்டி என்றால் 27 நிமிடத்துக்கு ஒன்று. ஐந்து மணி நேர வேலை எட்டு மணி நேரமாகும். வெயிலில் முன்பு போட்ட விளிம்பு இறுகிவிட, அடுத்த கலவை அதன்மேல் ஒட்டாமல் உட்காரும். மழைக்காலத்தில் நீர் கசிவது அந்தக் கோட்டில்தான். பம்ப் பழுதானால் எங்கே நிறுத்துவது என்பதையும் முந்தைய நாளே டிராயிங்கில் சிவப்பு மையால் குறித்துவைக்க வேண்டும். ஷியர் (வெட்டு விசை) குறைவான, ஸ்பானின் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தின்) நடு மூன்றில் ஒரு பகுதியில். பம்ப் நின்ற பிறகு யோசித்தால், ஆட்கள் நிறுத்தும் இடம் தூண் முகப்பாகத்தான் இருக்கும்.

வண்டி தாமதமானால் ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், இறங்கும். உடனே யாராவது தண்ணீர்க் குழாயைத் தேடுவார்கள். கன மீட்டருக்கு சிமெண்ட் 380 கிலோ, தண்ணீர் 171 லிட்டர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45. கன மீட்டருக்கு 10 லிட்டர் சேர்த்தாலே 0.476 ஆகி, வலிமை குறைந்துவிடும். பிளாண்ட் ஆள் முன்னிலையில் அளந்து அட்மிக்ஸர் (இளக்கம் கூட்டும் ரசாயனம்) சேர்க்கலாம். ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தாண்டிய வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சலானில் ஏற்றிய நேரத்தைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "யாராவது பார்ப்பார்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு நீங்கள் நிற்க வேண்டிய இடம் பால்கனி கேண்டிலீவர் (ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்ட ஸ்லாப்) பக்கம். 120 மி.மீ. ஸ்லாபில் மேல் கம்பியின் பயனுள்ள ஆழம் (ஸ்லாபின் அடியிலிருந்து கம்பியின் மையம் வரை) 95. பம்ப் குழாயை இழுப்பவர்கள் மிதித்து அது 30 மி.மீ. கீழே போனால் 65. தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, வெளியே ஒன்றும் தெரியாது. மீட்டருக்கு ஒன்றாவது சேர் கம்பி, நடக்கப் பலகை, பால்கனிக்கு மட்டும் தனியாக ஒரு கம்பி ஆள். இதற்கு ஆகும் செலவு அற்பம்.

டிசைன் பின்னணி இருப்பவர் உடனே மதிப்புப் பெறும் இடம் ஒன்று உண்டென்றால், அது முட்டு பிரிக்கும் முடிவு. 4.5 மீட்டர் வரையான ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேலே போனால் 21 என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நாள்கள் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கானவை, பி.பி.சி.-க்கு (பொசோலானா சிமெண்டுக்கு) நீட்ட வேண்டும் என்பதைப் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். மேல் தளம் போடும்போது அந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்பதை இன்னும் குறைவானவர்களே பார்ப்பார்கள். ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 3.75 கிலோ நியூட்டன், சென்ட்ரிங் 0.5, ஆட்களும் கருவிகளும் 1.5. மொத்தம் 5.75. கீழே இருக்கும் வீட்டுத் தளம் தன் எடைக்கு மேல் தாங்க வடிவமைக்கப்பட்டது லைவ் லோடு (ஆட்கள், சாமான்களின் சுமை) 2, தரைப்பூச்சு 1, தடுப்புச் சுவர் 1, ஆக 4. அதுவும் 28 நாள் ஆன பிறகு. ஒரு தளத்தால் தனியாகத் தாங்க முடியாது. குறைந்தது இரண்டு தளத்துக்கு முட்டு தொடர வேண்டும், அதுவும் மேல் ஜாக்கிக்கு (முட்டுக் கம்பத்துக்கு) நேர் கீழே கீழ் ஜாக்கி. ஜாக்கி வாடகையை மிச்சம் பிடிக்கக் கீழ்த் தளத்தை முதலில் காலி செய்வது வழக்கமாக நடக்கிறது. இந்த ஒரு பக்கக் கணக்கை மேஸ்திரிக்கும் மேலாளருக்கும் காட்டினால் வாடகை வாதம் நின்றுவிடும்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. கம்பி இருப்பு இல்லை, 20-க்குப் பதில் 16 போடலாமா என்று கேட்பார்கள். மனதுக்குள் ஏழு 16-ல் 1,407 வருகிறது என்று தோன்றும். தலையை ஆட்டிவிடாதீர்கள். ஏழு கம்பி அந்த அகலத்தில் அடங்காது என்பது ஒருபுறம். இப்போது நீங்கள் அந்தக் கட்டடத்தின் டிசைனர் இல்லை என்பது மறுபுறம். எழுத்தில் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி, அதை டிராயிங் திருத்தமாகப் பதிந்த பிறகே கம்பி வெட்ட வேண்டும்.

மேஸ்திரியிடம் பேச நூல் கணக்கு தெரிய வேண்டும். எட்டு நூல் ஓர் இன்ச், 10 மி.மீ. மூணு நூல், 12 நாலு நூல், 16 அஞ்சு நூல். "150 மி.மீ. இடைவெளி" என்பதைவிட "ஆறு இன்ச்சுக்கு ஒரு ரிங், பில்லர் பக்கம் நாலு இன்ச்சு, அண்ணே" என்பது சரியாகப் போய்ச்சேரும். ஆறு இன்ச் என்பது 152 ஆகிவிடுகிறதே என்று அங்கே வாதிட வேண்டாம். பிழையைச் சொல்லும்போது அவருடைய ஆட்கள் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். இப்போது பல சைட்டுகளில் பீகார், ஒடிசா, வங்காள ஆட்கள் இருப்பதால் கொஞ்சம் இந்தியும் வேண்டியிருக்கும்.

பணத்தின் ஓட்டம்தான் மேசையிலிருந்து வருபவர்களுக்கு மிகவும் புதிது. ஒரு கோடி ரூபாய் ரன்னிங் பில் (முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்) போட்டால் ஒரு கோடி வராது. உதாரணத்துக்கு, பிடித்தம் 5 சதவீதம், முன்பணத்தில் கழிப்பு 10, டி.டி.எஸ். 2, தொழிலாளர் நல வரி 1 என்றால், ஜி.எஸ்.டி. தவிர்த்து, கைக்கு 82 லட்சம். அதுவும் சரிபார்ப்பு முடிந்து முப்பது, நாற்பத்தைந்து நாளில். ஆட்களுக்குக் கூலியோ சனிக்கிழமை. அளவுப் புத்தகத்தில் ஒரு தளத்தை ஒரு வாரம் தாமதமாக ஏற்றினால், ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கை வறண்டுபோகும். அடுத்த திங்கள் எட்டு ஜோடியில் மூன்று ஜோடி வேறு சைட்டுக்குப் போயிருக்கும். தாமதத்துக்கான கடிதங்களும் அப்படித்தான். வெளிநாட்டுக் கடனுதவிப் பணிகளிலும் வளைகுடாவிலும் அதிகம் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்த வடிவத்தில், காரணம் தெரிந்த 28 நாளுக்குள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். டிராயிங் தாமதமாக வந்தது உண்மையாகவே இருக்கலாம். 29-ஆம் நாள் எழுதினால் உரிமையே போகலாம்.

எந்த வாசல் வழியாக நுழைவது? திட்டமிடல் பிரிவும் பில்லிங் பிரிவும் எளிதாகக் கிடைக்கும், ஏனென்றால் கணினியும் டிராயிங்கும் தெரிந்தவர் அங்கே வேண்டும். பெரிய நிறுவனங்களில் சென்ட்ரிங், சாரம், பள்ளத் தடுப்பு ஆகியவற்றை வடிவமைக்கும் டெக்னிக்கல் பிரிவு இருக்கும். டிசைன் ஆளுக்கு இயல்பான முதல் படி அதுதான். ஆனால் எதில் நுழைந்தாலும், குறைந்தது ஓராண்டு நேரடியாகத் தளம் போடும் வேலை கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் போடும் அட்டவணையை மேஸ்திரி மதிக்க மாட்டார். பதவியில் ஒரு படி இறங்க வேண்டிவரலாம். வாரம் ஆறு நாள், கான்கிரீட் இரவுகள், ஊர் மாற்றம் எல்லாம் உண்டு. வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கட்டுமான மேலாண்மைக் கல்வி நிறுவனமான நிக்மார் அல்லது ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழக முதுநிலைப் படிப்புகள் உதவும். சைட் பார்க்காமல் நேராகப் படிக்கப் போவதைவிட, இரண்டு ஆண்டு சைட் பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

கடைசியாக, கியூப்: வலிமை சோதிக்க எடுக்கும் கான்கிரீட் கட்டி. 100 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456 படி ஐந்து மாதிரி, மாதிரிக்கு மூன்று, ஆக 15 கியூப்; ஏழாம் நாள் சோதனைக்குத் தனியாக எடுக்க வேண்டும். பத்து நாள் சுழற்சியில் 28-ஆம் நாள் முடிவு வரும்போது அதன் மேல் இன்னும் இரண்டு தளம் ஏறியிருக்கும். அதனால் ஏழாம் நாள் எண் தாழ்ந்தால் அன்றே மேல் வேலையை நிறுத்திப் பேச வேண்டும். 28-இலும் தவறினால் குறைந்தது மூன்று கோர் (போட்ட கான்கிரீட்டிலிருந்து துளைத்தெடுக்கும் உருளை) எடுத்து, சராசரி குறித்த வலிமையில் 85 சதவீதம் வருகிறதா, எதுவும் 75-க்குக் கீழே போகவில்லையா என்று பார்ப்பார்கள். அதுவும் போதாவிட்டால், கிடைத்த வலிமையை வைத்து அந்தத் தளத்தை மறுபடி கணக்கிடும்படி டிசைனருக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கோப்பில் எந்த வண்டி எந்த பீமில் போனது என்ற குறிப்பு இருந்தால், சந்தேகம் மூன்று பீமோடு நிற்கும். இல்லாவிட்டால் 500 சதுர மீட்டரும் சந்தேகத்தில்தான்.