ஸ்டார்ட் லைன் போய்ச் சேர்ந்த கதை

இந்த சீசனின் முதல் ட்ரையத்லான் ஒருவழியாக முடிந்தது. ஸ்பிரிண்ட் தூரம்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். உண்மையான இலக்கு வருடக் கடைசியில் வரும் கோவா 70.3, அதாவது அரை அயர்ன்மேன் தூர ட்ரையத்லான். அதன் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்ற கணக்கு தெரிந்தவர்களுக்கு, அதற்கு முன்னால் ஒரு சின்னப் போட்டியில் உடம்பையும் சாமான்களையும் சோதித்துப் பார்ப்பது எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. என் பயிற்சி அட்டவணையைக் கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். அட்டவணை எங்கும் கிடைக்கிறது, என்னுடையதும் அங்கிருந்து எடுத்துப் போட்டதுதான். நான் பட்ட பாடெல்லாம் அதில் இல்லாத இடங்களில்.

முதலில் நீச்சல் குளம். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் குளங்கள் எல்லாம் பிள்ளைகளின் கோடைப் பயிற்சி முகாமுக்குப் போய்விடும். லேன் கயிறே இருக்காது, குறுக்கும் நெடுக்குமாகப் பொடிசுகள். ஜூனில் பள்ளி திறந்ததும் நிம்மதியாக நீந்தலாம் என்று கட்டணம் கட்டினால், ஃபில்டர் பம்ப் போய்விட்டது. “அடுத்த வாரம் ரெடியாயிடும் சார்” என்றார்கள். அடுத்த வாரமும் அதே அடுத்த வாரம்தான். தண்ணீர் பச்சையாகி, அடியில் போட்ட கறுப்புக் கோடு மறைந்துபோனது. பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். சீசன் தொடக்கத்தில் குளத்துக்கு மாதாமாதம் கட்டுவதுதான் நல்லது, மூன்று மாதத் தள்ளுபடி போனால் போகட்டும்.

அதனால் கடல். ஈசிஆரில் நீலாங்கரை தாண்டி ஒரு குழு விடிகாலையில் இறங்கும், அவர்களோடு சேர்ந்துகொண்டேன். தனியாக இறங்கவே இறங்காதீர்கள். நம் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதே பெரிய வேலை. தாண்டிய பிறகு நீரோட்டம் நம்மைக் கேட்காமலே இழுத்துக்கொண்டு போகும். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை கட்டாயம். இறங்கும் முன் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். “இன்னைக்குத் தண்ணி வடக்கால இழுக்குது, தெக்க பார்த்துப் போயிட்டுத் திரும்புங்க” என்று ஒருவர் சொன்னார். போகும்போது நாக்குத் தள்ளியது, திரும்பும்போது கடலே கொண்டுவந்து விட்டது. எந்த ஆப்பும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. ஒரு வாரம் சொறி வந்திருக்கிறது என்று அவர்களே தடுத்தார்கள். ஜெல்லி மீனைத்தான் சொல்கிறேன். அதற்கு முந்தைய வாரமே என் முழங்கையில் ஒன்று கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. பட்டால் மணலை வைத்துத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் நீரிலேயே அலசிவிட்டு, கரைக்கு வந்து தோல் தாங்கும் சூட்டில் வெந்நீர்.

சைக்கிளைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. விடியும் முன் திருவான்மியூரில் தொடங்கி, முட்டுக்காடு பாலம், கோவளம், முடிந்தால் மாமல்லபுரம், வெயில் ஏறும் முன் வீடு.

ஓட்டத்தில்தான் வம்பு வந்தது. ஒரு நாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறினாற்போல் ஒரு வலி. பத்தடி நடந்ததும் குறைந்தது. மறுநாளும் அப்படியே. பிளான்டர் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்காலின் அடியில் ஓடும் திசுப்பட்டையில் வரும் கோளாறு என்று பிசியோ சொல்வதற்கு முன்பே வீட்டில் வைத்தியம் தொடங்கிவிட்டது. அத்தை செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, “குதிகாலை வச்சு அமுக்குடா” என்றார். சுகமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் வலி அடுத்த நாள் காலை தவறாமல் வந்து நின்றது.

பலன் கொடுத்தது பிசியோ சொன்ன ஒரே ஒரு பயிற்சி. மாடிப்படியின் ஓரத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கால் விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி நின்றுகொள்ள வேண்டும். ஒற்றைக் காலில் மூன்று விநாடி எடுத்துக் குதிகாலைத் தூக்கி, மேலே இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். துண்டு இல்லாமல் செய்தால் பாதத்தின் அடியிலுள்ள அந்தத் திசுப்பட்டைக்கு இழுப்பு சரியாகக் கிடைக்காது. பார்க்க எளிது, கெண்டைக்கால் கதறும். கால் ஆறும் வரை குளத்தின் ஆழத்தில் மிதந்தபடி ஓடலாம் என்றும் அவர் சொன்னார். எந்தக் குளத்தில்? சைக்கிளை டிரெய்னரில் மாட்டி, மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்து மிதித்துத்தான் மூச்சைக் காப்பாற்றினேன். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடும் பிரிக் பயிற்சியைப் பத்து நிமிடத்துக்குமேல் விடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் போடும் கிலோமீட்டரைப் பார்த்து வயிறெரிந்ததுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் மேல், மருத்துவச் சான்றிதழ். போட்டிக்காரர்கள் தரும் படிவத்திலேயே வேண்டும், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, சீல் மூன்றும் இருக்க வேண்டும், போட்டிக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், கூடவே இசிஜி. கேட்பது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். இசிஜி எடுத்த பெண், தாள் வெளியே வரும்போதே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தாளின் தலையில் இயந்திரமே அச்சடித்திருந்தது: சைனஸ் பிராடிகார்டியா, அப்நார்மல். நிமிடத்துக்கு 46 துடிப்பு. 60-க்குக் கீழே இறங்கினாலே இயந்திரம் அப்படி எழுதிவிடும். வருடக்கணக்கில் ஓடியும் நீந்தியும் வருபவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது இதயம் மெதுவாகத் துடிப்பது வழக்கமான விஷயம். இயந்திரத்துக்கு அது தெரியாது. ரிசப்ஷனில் இருந்தவருக்கும் தெரியவில்லை.

“அப்நார்மல்னு வந்திருக்கு சார். ஃபிட்னு டாக்டர் எழுத மாட்டாரு.”

“டாக்டர் பார்த்தாரா?”

“அவர் எதுக்கு சார் பார்க்கணும், அதான் மெஷினே போட்டிருக்கே.”

கெஞ்சி உள்ளே போனால், டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணும் ஒரே நாள்லயா?” என்றார். இதய மருத்துவர் பார்த்தால்தான் கையெழுத்து என்று அனுப்பிவிட்டார். அவர் வருவது வாரத்தில் இரண்டு நாள். அவர் டிஎம்டி எடுக்கச் சொன்னார், டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு இசிஜி பார்க்கும் சோதனை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். பாதி வரை வெறும் நடைதான், டெக்னீஷியன், “மூச்சு வாங்குதா சார், நிறுத்திடவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் இதய மருத்துவர் தாளை அரை நிமிடம் புரட்டினார், “விளையாட்டுக்காரங்களுக்கு இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக் கையெழுத்து போட்டார். அப்பாடா என்று ரிசப்ஷனுக்கு வந்தால் சீல் இல்லை. சீல் ஒரு டிராயரில் இருக்கிறது. டிராயரின் சாவி வைத்திருப்பவர் லீவு. “கையெழுத்து இருக்குல்ல சார், போதும்” என்கிறார் அதே புண்ணியவான். படிவத்தில் சீல் என்று அச்சடித்திருப்பதை விரலை வைத்துக் காட்டியும் பிரயோஜனமில்லை. இன்னொரு நாள் அரை லீவு போட்டுப் போய்த்தான் அந்த நீல வட்டத்தை வாங்கினேன்.

சீசன் தொடங்கும்போதே ஒரு டிஎம்டி எடுத்து, பழைய இசிஜியோடு சேர்த்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இயந்திரம் ஏதாவது அச்சடித்தால், போன வருடமும் இப்படித்தான் என்று காட்டலாம். அதே சமயம் தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம் என்று எதுவும் இருந்தால் விளையாட்டுக்காரர் இதயம் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். அப்புறம், சீல் வாங்கின கையோடு ஜெராக்ஸ்.

போட்டி வடக்கே, இதே வங்கக் கடலோரத்தில் ஓர் ஆந்திர ஊர். விமானத்தில் சைக்கிள் கொண்டுபோக விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே பணம் கட்டியிருந்தேன். கவுண்டரில் இருந்தவரின் திரையில் அது தெரியவில்லை. மின்னஞ்சலைக் கைபேசியில் காட்டினால், “பிரின்ட் இருக்கா?” பிரின்ட் இருந்தது. அந்த ஒரு தாளுக்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். டயரில் காற்றை இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், செக்யூரிட்டியில் எடுத்துவைத்துக்கொள்வார்கள். கைப்பம்ப் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது.

ஊர் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது, அதன்மேல் எதையோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கியர் மாற்றும் பின் டீரெய்லரைக் கழற்றி பபிள் ராப் சுற்றியிருந்தேன், அதற்கு ஒரு கீறல் இல்லை. அதை மாட்டுகிற ஹேங்கர் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. சைக்கிளில் விழுகிற அடியை வாங்கிக்கொண்டு பிரேமைக் காப்பாற்றுவதற்கென்றே அந்தச் சின்ன அலுமினியத் துண்டை மெத்தென்று செய்கிறார்கள். ஆனால் பிரேமுக்குப் பிரேம் அதன் வடிவம் வேறு, கடையில் போய் ஒன்று கொடுங்கள் என்று கேட்க முடியாது. நல்ல ஷோரூம் ஒன்றில், தருவிக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். போட்டியோ மறுநாளுக்கு மறுநாள்.

ஷோரூம் வாசலில் நின்ற ஒரு பையன் பழைய பஜார் தெருவில் ஒரு மெக்கானிக்கைக் கைகாட்டினான். கடை என்று சொல்ல ஒரு தகரக் கூரையும் ஒரு மரப்பெட்டியும்தான். வயசான மனுஷர். என் தெலுங்கு அவருக்குப் புரியவில்லை, அவர் தமிழ் எனக்குப் புரிந்தது. ஹேங்கரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு பழைய கியர் சைக்கிளின் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று யோசிக்கும்போதே அந்தச் சக்கரத்தின் அச்சு முனையை என் ஹேங்கரின் துளையில் வைத்துத் திருகிவிட்டார். இரண்டுக்கும் ஒரே மரை, 10 மில்லிமீட்டர். இப்போது என் பின்சக்கரமும் அவர் சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே, கீழே, முன்னே, பின்னே எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே விரல் போகிறது, கீழே கையே போகிறது. ஒரு இரும்பு ஸ்கேலை நுழைத்து நுழைத்துப் பார்த்தபடி, அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்ல அழுத்தினார். நான் மூச்சுவிடவில்லை, ஒருமுறை வளைந்த அலுமினியம் திரும்ப நிமிரும்போது ஒடிந்துவிடுவதுண்டு. ஒடியவில்லை. “அயிப்போயிந்தி”, முடிந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டார். கியர் பதினொன்றும் விழுந்தது. அவர் கேட்ட தொகை ஒரு டீ, பன் விலை. கூடுதலாகக் கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார்.

இனிமேல் பெட்டியில் வைக்கும்போது ஹேங்கரையே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வதாக இருக்கிறேன். சின்னத் திருகுகள்தான்.

சைக்கிளை ஒப்படைக்கும் இடத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஹேண்டில்பார் முனையில் செருகியிருக்கும் அடைப்பு வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. திறந்த குழாய் முனை விழுகிறவரின் வயிற்றைக் கிழித்துவிடும் என்பதால் அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். விதி சரிதான். விடுதிச் சமையல்காரர் தேடிக் கொடுத்த ஒரு பாட்டில் கார்க்கைச் செதுக்கி அடித்து இறக்கினேன். அதிகாரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், சிரித்தார், ஸ்டிக்கர் ஒட்டினார். பையில் எப்போதும் உபரியாக ஒரு ஜோடி அடைப்பு இருக்கட்டும், பத்து கிராம்கூட இருக்காது.

போட்டியன்று விடிகாலை, கரையில் சிவப்புக் கொடி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, ஆள் உயர அலை. நீச்சல் ரத்து, டூயத்லானாக நடக்கும் என்று மைக்கில் அறிவித்தார்கள்: 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், மறுபடி 2.5 கிலோமீட்டர் ஓட்டம். மீனவர்களிடம் பாடம் கேட்டு, சொறியிடம் சூடு வாங்கிப் பழகிய நீச்சலுக்கு வேலையில்லை. கெட்டுப்போன குதிகாலுக்கு இரட்டை வேலை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அமைப்பாளர்கள் செய்தது சரிதான். அந்தக் கடலில் எவரையும் இறக்கக் கூடாது.

முதல் ஓட்டத்தில் எல்லாரையும் போகவிட்டுக் கடைசிக் கூட்டத்தோடு ஓடினேன். சைக்கிளில் கியர் ஒருமுறைகூடத் தட்டவில்லை, அங்கே நிறையப் பேரைத் தாண்டினேன். கடைசி 2.5-இல் குதிகால் முனகியது, நிற்கச் சொல்லவில்லை. என் வயதுப் பிரிவில் நடுவாக்கில் வந்தேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது வலி இருந்தது, ஜூனில் இருந்ததில் பாதி. பிசியோ பாதி போதும் என்கிறார், துண்டை இன்னும் தடிமனாகச் சுருட்டச் சொல்லியிருக்கிறார்.

குளம் திறந்துவிட்டது, கட்டிய மூன்று மாதமும் அதற்குள் முடிந்துவிட்டது, புதிதாகக் கட்டச் சொல்கிறார்கள். கோவாவுக்காக ஹேங்கர் இரண்டு ஆர்டர் செய்திருந்தேன். நேற்று ஒன்று வந்தது. வேறு ஏதோ பிரேமுக்கானது, துளையே பொருந்தவில்லை. இன்று திருப்பி அனுப்ப வேண்டும்.