விண்கலத்தின் சூடு எங்கே போகிறது?

வடபழனி ஐமேக்ஸில் விண்வெளிப் படம் முடிந்து வெளியே வருபவர்களின் வாதம் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே நடக்கும்: வெற்றிடத்தில் சத்தம் கேட்குமா, தீ எரியுமா? இரண்டையும் மன்னித்துவிடலாம். நாவலில் இருந்த விண்கலம் திரைக்கு வரும்போது எதை இழந்தது என்று பார்க்க வேண்டுமானால், அந்தக் கலத்தின் சூடு எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

மே மாதச் சென்னையில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அறைக்குள் ஏசி எடுக்கும் சூட்டை வெளிச்சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட் காற்றில் கொட்டுகிறது. விண்வெளியில் கொட்டுவதற்குக் காற்றே கிடையாது. ஆட்களின் உடல் சூடு, கணினிகள், அணு உலை என எல்லாம் தரும் வெப்பமும் அகச்சிவப்புக் கதிராகத்தான் வெளியேற வேண்டும். அதற்குப் பரப்பு வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுமார் 70 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற உள்ளே தண்ணீரும் வெளியே அம்மோனியாவும் தனித்தனிச் சுற்றுகளாக ஓடுகின்றன. அம்மோனியா நச்சு என்பதால் ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் அதை விடுவதில்லை. 2010 ஜூலை இறுதியில் அந்த அம்மோனியா பம்புகளில் ஒன்று நின்றுபோனது. அதை மாற்றுவதற்கு ஆகஸ்டில் மூன்று முறை விண்வெளியில் நடக்க வேண்டியிருந்தது. திரைக்கதைக்கு இதைவிட நல்ல ஆபத்து எதற்கு?

ஆனால் படங்கள் முதலில் கழற்றி எறிவது, வெப்பத்தை இப்படிக் கதிராக வெளியே விடும் தகடான ரேடியேட்டரைத்தான். 1968-இல் வந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'யின் நாவலும் படமும் சேர்ந்தே உருவானவை. அதில் வரும் டிஸ்கவரி என்ற விண்கலத்தின் ஆரம்ப வரைபடங்களில் பெரிய ரேடியேட்டர்கள் இருந்தன. பார்ப்பவர்கள் அவற்றை இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று நீக்கிவிட்டார்கள். அணு உலையை வைத்துக்கொண்டு அதன் வெப்பத்துக்கு வழி விடாத அந்தக் கலம், இன்றுவரை வந்த எத்தனையோ கலங்களுக்கு அச்சாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த படம் அது. அதனாலேயே இந்த ஒரு குறை உறுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவரின் கதையான 'தி மார்ஷியன்' நாவலில், ஹெர்மிஸ் என்ற விண்கலம் அயனி எஞ்சினால் (மின்சாரத்தால் அயனிகளை வேகமாக வெளியே தள்ளும் எஞ்சின்) ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தில் நொடிக்கு 2 மில்லிமீட்டர் கூட்டுகிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஒரு நாளில் அது மணிக்கு 620 கிலோமீட்டர் ஆகிவிடும். கலத்தின் எடை 100 டன், அயனிகள் வெளியேறும் வேகம் நொடிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உந்துவிசை 200 நியூட்டன். எஞ்சினின் சொந்த இழப்பை விட்டுவிட்டாலும் 5 மெகாவாட் மின்சாரம் வேண்டும். உலை தன் வெப்பத்தில் கால் பங்கை மின்சாரமாக்கினால் மீதி 15 மெகாவாட் கழிவு வெப்பம். ரேடியேட்டரை 800 கெல்வினில் (சுமார் 527 டிகிரி செல்சியஸ்) ஓட்டினால், இரண்டு பக்கமும் கதிர்வீச 360 சதுர மீட்டர் போதும். நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை கிரவுண்டுக்குச் சற்று மேல் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). அதையே 27 டிகிரி செல்சியஸில் ஓட்டினால் 80 கிரவுண்டு தேவை. வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கதிர்வீச்சு ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. ஆட்கள் இருக்கும் அறையின் சூட்டை 800 கெல்வின் தகட்டுக்கு ஏற்றுவது கட்டுப்படியாகாது. அதற்குத் தனியாக ஒரு குளிர்ந்த ரேடியேட்டர் வேண்டும்.

தகடு எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விளிம்பு சூரியனைப் பார்க்க வேண்டும், முகம் அல்ல. உலைக்கும் ஆட்களுக்கும் நடுவே இருக்கும் கதிரியக்கத் தடுப்பின் நிழலுக்குள்தான் தகடு முழுவதும் அடங்க வேண்டும். வெளியே நீட்டினால் நியூட்ரான்கள் அதில் பட்டுச் சிதறி ஆட்களிடம் வரும். அதனால்தான் நல்ல வடிவமைப்புகளில் உலைப்பக்கம் குறுகி, போகப் போக அகலும் முக்கோணத் தகடுகளைப் பார்க்கிறோம்.

'தி மார்ஷியன்' கதையில் வரும் செவ்வாய்ப் புயலைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. மணிக்கு 175 கிலோமீட்டர் காற்று, மெரினாவில் 22 கிலோமீட்டர் காற்று தள்ளுவது போலத்தான் தள்ளும்.

செயற்கை ஈர்ப்புக்காகச் சுழலும் கலங்களைத் திரையிலேயே அளக்கலாம். நிற்கும் ஆளின் உயரத்தை அளவுகோலாக வைத்து ஆரத்தை மீட்டரில் எடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, அதன் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி 895-ஆல் வகுத்தால் பூமி ஈர்ப்பில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். '2001' நாவலில் சுழலும் அறை 35 அடி விட்டம், 10 நொடிக்கு ஒரு சுற்று, நிலவின் ஈர்ப்பு. போட்டுப் பாருங்கள்: காலடியில் 0.21, இடுப்பருகே 0.17. நிலவில் 0.165. எழுதியவர் கணக்குத் தெரிந்தவர். படத்துக்காகக் கட்டிய அரங்கு 38 அடி. பூமியில் எடுத்ததால் நடிகரின் ஓட்டத்தில் தெரிவது முழு எடை. நிஜத்தில் அந்த எடைக்கு நிமிடத்துக்கு 12 சுற்றுக்கு மேல் வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே குமட்டும். தலைக்கு, காலைவிட 30 சதவீதம் குறைவான ஈர்ப்புதான் கிடைக்கும். நிமிடத்துக்கு 2 சுற்றோடு நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் தாங்குவார்கள், ஆனால் ஆரம் 224 மீட்டர் ஆகிவிடும். அறை ஒரு பக்கம் சுழலத் தொடங்கினால் கலம் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதால் எதிர்ச்சுழற்சிக்கு ஒரு ஃபிளைவீலும் (கனமான சுழல்சக்கரம்) வேண்டும்.

டாங்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013-இல் கிளம்பிய மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ உந்துபொருள். திரும்பி வராத, ஆளில்லாத ஒரு கலத்துக்கே இவ்வளவு. ரசாயன எஞ்சினோடு செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் கலத்தைத் திரையில் காட்டினால், கண்ணில் படுவதில் பெரும்பகுதி டாங்கியாகத்தான் இருக்க வேண்டும்.

கோடம்பாக்கத்தில் கிராஃபிக்ஸ் செய்பவர்கள் ஒரு கதையிலிருந்து கலத்தை வரையும்போது எடை, முடுக்கம், எஞ்சின் திறன், கழிவு வெப்பம், தகட்டுப் பரப்பு என்ற வரிசையில் போனால் பாதி வடிவம் தானாகவே கிடைத்துவிடும். நிறத்தையும் கவனியுங்கள். 800 கெல்வின் தகடு இருட்டில் மங்கலான கருஞ்சிவப்பு மட்டுமே. அதை ஆரஞ்சாக ஒளிரவிட்டால் 1,300 கெல்வின் என்று பொருள். அப்போது பரப்பை ஏழில் ஒரு பங்காகச் சுருக்கி, உலையை அதைவிடச் சூடாக வைக்க வேண்டியிருக்கும்.