வீட்டு போனில் பெயர் வர வைத்த பாடு

"வெறும் நம்பர் வந்தா எனக்கு என்னடா புரியும், பேரு வர்ற மாதிரி பண்ணிக் கொடு" என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, ஒரு மத்தியானம் கார்ட்லெஸ் போனோடு உட்கார்ந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சேவ் பண்ணுவது பெரிய வித்தை இல்லை. காலர் ஐடி லிஸ்டை, அதாவது வந்த அழைப்புகளின் நம்பர் பட்டியலைத் திறந்து, வேண்டிய நம்பர் வரும்வரை நகர்த்தி, மெனுவில் சேவ் கொடுத்துப் பெயரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரை அடிப்பது இருக்கிறதே! ஒரே பட்டனில் மூன்று நான்கு எழுத்துகள் இருப்பதால், ஆங்கில எழுத்தில் 'பெரியம்மா' என்று அடிக்க 9 எழுத்துக்கு 16 தடவை அழுத்த வேண்டும், அதிலும் இரண்டு 'எம்' அடுத்தடுத்து வருவதால் முதல் 'எம்' போட்டுவிட்டு கர்சர் நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு இன்னொரு தட்டு தட்டினால் அது 'என்' ஆகிவிடும்.

சாயங்காலம் பெரியம்மா கூப்பிட்டார். திரையில் நம்பர் மட்டும்தான் வந்தது, பெயரைக் காணோம். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

தப்பு என்னுடையதுதான். திரும்பக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து சேவ் பண்ணியிருந்தேன். அழைப்பு வரும்போது அந்தப் பூஜ்யம் வருவதில்லை. எங்கள் போனுக்கு ஒரு இலக்கம் கூடினாலும் அது வேறு நம்பர்தான். பூஜ்யத்தை எடுத்தேன், பெயர் வந்தது. ஆனால் டைரக்டரியிலிருந்து, அதாவது சேவ் பண்ணிய பெயர்ப் பட்டியலிலிருந்து டயல் செய்தால் கால் போகவில்லை. கடைசியில் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. அசிங்கமான வழிதான், வேலை செய்கிறது. (சில போன்களில் ஏரியா கோடை ஒருமுறை செட்டிங்கில் போட்டுவிட்டால் உள்ளூர் நம்பர்களுக்கு அதுவே பார்த்துக்கொள்ளும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.)

இன்னொன்று, அம்மா முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பவர். பல லைன்களில் கூப்பிடுபவரின் நம்பர் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில்தான் வருகிறது. அதற்குள் எடுத்துவிட்டால் லிஸ்டில் எதுவும் ஏறாது, அப்புறம் எதை சேவ் பண்ணுவது? "ரெண்டாவது மணி அடிக்கட்டும்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன், கேட்பார் என்ற நம்பிக்கை இல்லை.

லிஸ்டும் நிரந்தரம் கிடையாது. எங்களுடையதில் 50 அழைப்புதான் நிற்கும், புதுசு வந்தால் பழசு போய்விடும். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், வேண்டிய நம்பரை அன்றன்றைக்கே சேவ் பண்ணிவிடுவது நல்லது. நம்பரை மறைத்துக் கூப்பிடுபவர்களை எதுவும் செய்ய முடியாது, சேவ் பண்ண அங்கே நம்பரே இருக்காது.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது உள் அறையில் இருந்த இரண்டாவது ஹேண்ட்செட் அடித்தது. அதில் வெறும் நம்பர். சில மாடல்களில் டைரக்டரி, லைன் வந்து சேரும் பேஸ் பெட்டியில் இருக்கும், எல்லா ஹேண்ட்செட்டுக்கும் பொது. எங்களுடையதில் ஹேண்ட்செட்டுக்கு ஹேண்ட்செட் தனித்தனி. மெனு முழுக்கத் துழாவியும் காப்பி பண்ணும் வசதி கண்ணில் படவில்லை. மறுபடியும் 'பெரியம்மா'விலிருந்து ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் 14 பேர் பாக்கி.