சீரகம் இல்லாத மெக்சிகோ

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவில் அக்கா வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அதில் பத்து வேளையாவது வெளியே "மெக்சிகன்" சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் அத்தான் தவறாமல் சொல்வார், "இதைப் போய் மெக்சிகன்ங்கிறியே மச்சான், இது டெக்ஸ்-மெக்ஸ், டெக்சஸ் பாணி. நிஜ மெக்சிகன் வேணும்னா எல்லையைத் தாண்டணும்." சொல்லிக்கொண்டே, உட்கார்ந்ததும் இலவசமாக வருகிற சிப்ஸ் கூடையை இரண்டாம் முறை நிரப்பச் சொல்லிக் கையைக் காட்டுவார். சரி, தாண்டித்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பது எனக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

போனது வஹாக்காவுக்கு, மெக்சிகோவின் தெற்கில், எட்டு நாள். கிளம்பும்முன் டெக்சஸ் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது, அதைச் சொல்ல வெட்கப்படப் போவதில்லை. சீஸ் என்சிலாடா என்று கேட்டால் ஓவல் தட்டில் டோர்ட்டீயா என்கிற மெல்லிய ரொட்டி சுருட்டியது மூன்று, உள்ளேயும் மேலேயும் உருகி ஓடும் மஞ்சள் சீஸ், அதன்மேல் மாவு கரைத்துக் கெட்டியாக்கிய பழுப்புக் குழம்பு, ஒரு பக்கம் ஆரஞ்சு நிறச் சோறு, மறுபக்கம் மசித்த பீன்ஸ். தட்டு மேசைக்கு வரும்முன்பே சீரக வாசனை வந்துவிடும். மிளகாய்த் தூளும் சீரகமும் பூண்டும் சேர்ந்த வாசனை நம் நாக்குக்குப் புதிதா என்ன? முதல் வாயிலேயே பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அந்தச் சீரகத்துக்கு ஒரு கதை உண்டு. 1731இல் கேனரி தீவுகளிலிருந்து சில குடும்பங்கள் ஸ்பெயின் அரசு அனுப்பி சான் அன்டோனியோவில் குடியேறின, சீரகத்தைத் தாராளமாக அள்ளிப்போடும் பழக்கம் அவர்கள் கொண்டுவந்தது என்பது ஊரில் பலரும் சொல்வது. 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் பகுதிதான், அதற்கப்புறம் கொடி மாறியதே தவிர அங்கே குடியிருந்த ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் அங்கேயேதான் இருந்தன, அவர்கள் அடுப்பும் அணையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வீட்டுப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சதுக்கங்களில் விளக்கு வைத்து, இறைச்சியும் மிளகாயும் போட்டுக் காய்ச்சிய 'சில்லி'யை விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்றே அவர்களுக்குப் பெயர். 1930, 40களில் நகராட்சி சுகாதார விதிகளைக் காட்டி அந்தக் கடைகளை ஒழித்துக்கட்டியது. அப்புறம் என்ன, அதே சில்லியை 1977இல் டெக்சஸ் தன் மாநில உணவாக அறிவித்துக்கொண்டது! இதற்கு நடுவே 1890களில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் மிளகாய் வற்றலைச் சீரகம் முதலானவற்றோடு அரைத்துப் பொடியாக விற்க ஆரம்பித்தார். நம்மூர் சாம்பார் பொடி பாக்கெட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் வந்த பிறகு எல்லா ஊர்ச் சில்லியும் ஒரே வாசனை அடிக்க ஆரம்பித்ததில் ஆச்சரியமில்லை.

வஹாக்காவில் முதல் மதியம் நான் தேடியது இந்த வாசனையைத்தான். கிடைக்கவில்லை. கறுப்பு மோலே கொண்டுவந்து வைத்தார்கள், தார் மாதிரி மினுங்கும் குழம்பில் ஒரு கோழித் துண்டு, மேலே எள். இந்த ஊருக்கு 'ஏழு மோலே நாடு' என்று பேர், அதில் ராஜா இந்தக் கறுப்பு மோலேதான் என்றார்கள். வாயில் வைத்தால் முதலில் புகை, அப்புறம் உலர்திராட்சை, அப்புறம் ஏதோ கருகின கசப்பு, கடைசியில் தொண்டையில் லேசாகக் காரம். உண்மையைச் சொன்னால் ஏமாந்துபோனேன். மிளகாயின் சொந்த ஊருக்கு வந்து காரமில்லாத குழம்பு சாப்பிடுவதா? அதுவும் இனிப்பு ஓடுகிற குழம்பு?

புரிய மூன்று நாள் ஆனது. நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, சென்யோரா என்று கூப்பிடுவேன், வாசலுக்கு அழைத்துப்போய் மிளகாய் கருக்குவதைக் காட்டினார். மூன்று நான்கு வகை வற்றல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, விதைகளை மட்டும் கரியாகும்வரை எரித்தார். தெருவே இருமியது. நாம் மிளகாயைக் காரத்துக்குப் போடுகிறோம், வேறு யோசனையே நமக்கு இல்லை. அவர்களோ ஒரு வற்றலைப் புகைக்கும், ஒன்றை நிறத்துக்கும், ஒன்றைப் புளிப்பான பழ வாசனைக்கும் போடுகிறார்கள். சாக்லேட் சேருவது கொஞ்சூண்டுதான். கிராம்பு, பட்டை, மிளகு, பாதாம், வாழைப்பழம், ரொட்டி, இதெல்லாம் போட்டு இத்தனை வேலை செய்துவிட்டு மேலே சீரகத்தைக் கொட்டினால் எல்லாம் வீண். அதைச் சேர்க்கிறவர்களும் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்கிறார்களாம்.

ஆனால் மோலேவைவிட என்னை மாற்றியது சோளம். நம்மூர் மக்காச்சோளம்தான். ராத்திரி படுக்கும்முன் சென்யோரா காய்ந்த சோளத்தை ஒரு பெரிய பானையில் போட்டு, தண்ணீர் விட்டு, கை நிறைய சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்பு! கொஞ்சம் வேகவைத்து அப்படியே ஊற விட்டுவிட்டார். விடிந்தால் சோளத்தின் தோல் கையோடு வழுக்கிக்கொண்டு வருகிறது. கழுவி ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனோம், அங்கே என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள், மாவு மில். மொலீனோ என்கிறார்கள். வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள், பெல்ட் ஓடும் சத்தம், யாருடைய மாவு முன்னால் என்று சின்னத் தகராறு. அரிசி ஊறவைத்த தூக்கோடு அம்மா பின்னால் நின்ற நாட்கள் ஞாபகம் வந்தன. பக்கத்திலேயே இன்னொரு மில்லில் வறுத்த கக்காவோ கொட்டையைச் சர்க்கரையும் பட்டையும் சேர்த்து அரைத்துக் கொடுக்கிறார்கள், சாக்லேட் அங்கே மளிகைச் சாமான்.

இப்படிச் சுண்ணாம்பில் வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்டமல் என்று பெயர், மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நவாட்டலிலிருந்து வந்த சொல். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும், தட்ட வரும். அதைவிடப் பெரிய விஷயம், சோளத்தில் உள்ள நயாசின் சத்து அப்போதுதான் உடம்பில் ஒட்டுகிறது. ஐரோப்பாவுக்குச் சோளத்தைக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, வடக்கு இத்தாலியிலும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் பிடித்தது. வஹாக்காவுக்குப் பக்கத்தில் மிட்லா அருகே ஒரு குகையில் 6,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சோளக் கதிர்த் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அத்தனை காலம் பழகினவர்களுக்குத் தெரியாதா.

மண் கல்லில், அதற்கும் சுண்ணாம்புத் தண்ணீர் பூசியிருக்கிறார்கள், தட்டிப் போட்ட டோர்ட்டீயா உப்பி எழுந்ததும் கையில் கொடுத்தார். மழை நனைத்த வெள்ளையடித்த சுவர் வாசனை. எதுவும் தொட்டுக்கொள்ளாமல் மூன்று தின்றேன். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. டெக்சஸில் டோர்ட்டீயா என்பது சீஸையும் கறியையும் சுற்றிக்கொள்ளும் உறை, நல்லதா கெட்டதா என்று யாரும் கவனிப்பதுகூட இல்லை. இங்கே அதுதான் சோறு. மோலே, பீன்ஸ் எல்லாம் அதற்குக் குழம்பு, கூட்டு.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ட்லயூடா என்று பெரிய வட்டத் தட்டு அளவுக்கு மொறுமொறு டோர்ட்டீயா ஒன்று உண்டு, பீன்ஸ் பூசி, நூல் நூலாகப் பிரியும் வெள்ளைச் சீஸ் தூவித் தருவார்கள், பார்த்தால் சைவம்தான். அடியில் தடவுவது பன்றிக் கொழுப்பு. கறி வேண்டாம் என்று சொன்னால் போதாது, கொழுப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டுக்கிளி வறுவலும் சாப்பிட்டேன். உப்பும் எலுமிச்சையும்தான் தெரிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வஹாக்காதான் மெக்சிகோ என்று முடிவுகட்டவும் முடியாது. வடக்கே சொனோரா, நுவோ லியோன் பக்கம் கோதுமை விளையும் பூமி, அங்கே மைதா டோர்ட்டீயாதான் வீட்டு உணவு, மாட்டுக்கறி, சீஸ் எல்லாம் தாராளம். டெக்சஸுக்குப் பக்கத்து வீடு அதுதானே, அங்கே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்காது. சோளச் சிப்ஸ்மேல் சீஸ் உருக்கித் தருகிற நாச்சோஸ்கூட எல்லைக்கு அந்தப் பக்கம், பியேத்ராஸ் நேக்ராஸ் ஊரில் 1940களில் இக்னாசியோ அனாயா என்ற உணவகக்காரர் திடீரென்று வந்த அமெரிக்கப் பெண்களுக்காக இருந்ததை வைத்துச் செய்தது. இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்பார்கள், பெயர் அப்படி வந்தது. மெக்சிகோ சிட்டியில் விமானம் மாறும் இடைவெளியில் நான் சாப்பிட்ட பாஸ்தோர் டாக்கோவோ, கம்பியில் சுட்டுச் சீவிய கறியை டோர்ட்டீயாவில் வைத்துத் தருவது, லெபனானிலிருந்து வந்தவர்களின் ஷவர்மாவுக்குப் பேரன். போதாததற்கு அந்த நகரத்தின் பல கடைகளில் டோர்ட்டீயா பாக்கெட் மாவில்தான் செய்கிறார்கள். ஆக, அத்தான் சொன்ன அந்த 'நிஜ'த்தை நான் எந்த ஊரில் போய்த் தேட?

திரும்பி வரும்போது சந்தையில் அரைக் கிலோ கறுப்பு மோலே விழுது வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைக் கோழிச் சாற்றில் கரைத்துக் கொதிக்கவைத்தாள். அத்தான் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, நாக்கில் வைத்து, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உப்பு ஜாடியை எடுத்தார். அக்கா கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஏதோ ஒண்ணு குறையுது. கொஞ்சம் சீரகம் வறுத்துப் பொடிச்சுப் போடட்டுமா?"