திரைப்படப் படிப்பில் ஒலியைப் பிடித்துக்கொண்டேன்

திரைப்படம், தொலைக்காட்சி, ஊடகத் தயாரிப்பு என்று நீளமான பெயர் கொண்ட பட்டப்படிப்பில் சேர்ந்த அன்று, எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: இயக்குநர் ஆக வேண்டும். நானும் அதையேதான் சொன்னேன். படித்து முடித்தபோது என் கையில் இருந்தது பூம் மைக், அதாவது நீளமான கம்பின் நுனியில் மாட்டிய மைக். அந்த மாற்றம் எப்படி வந்தது, படிப்பில் என்னவெல்லாம் செய்ய வைத்தார்கள் என்று எழுதி வைத்தால், சேர நினைக்கும் சிலருக்காவது உதவும்.

சேர்க்கைக்கு மதிப்பெண்ணோடு நாமே செய்த சில வேலைகளையும் கேட்டார்கள். குறும்படம்தான் வேண்டும் என்றில்லை. புகைப்படங்கள், எழுதிய காட்சிகள், வரைந்த ஷாட்டுகள் என எதுவும் போதும். நேர்காணலில் பிடித்த காட்சி ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், "கதை இருக்கட்டும், அந்த நேரத்தில் கேமரா எங்கே இருந்தது?" என்று கேட்டார்கள். இதற்கு மட்டும் தயாராகிப் போனாலே நேர்காணலில் பாதி முடிந்தது.

முதல் ஆண்டு முழுக்கச் சின்னச் சின்னப் பயிற்சிகள். வசனம் இல்லாமல் ஒரு நிமிடப் படம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி. அவர்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமரா அதைத் தாண்டாமல் எடுக்க வேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவது போல ஆகிவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) என்றால் ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் விளக்குகள் படத்தில் துடிக்காமல் இருப்பதற்கும் அதே 1/50 உதவும். இதெல்லாம் கை பழகும்வரை செய்தால் போதும், பெரிய கஷ்டமில்லை.

என்னைத் திருப்பிப் போட்டது குலெஷோவ் பயிற்சிதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு சூப் கிண்ணம், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய ஷாட்டுகளோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்பார்கள். நாங்களும் வகுப்புத் தோழி ஒருத்தியின் முகத்தை வைத்து அதைச் செய்தோம். அடுத்து ஆசிரியர் மற்ற ஷாட்டுகளையெல்லாம் நீக்கிவிட்டு முகத்தை மட்டும் விட்டுவைத்தார். ஒருமுறை அந்த முகத்தின் மேல் குழந்தை அழும் சத்தம், இன்னொருமுறை ஆம்புலன்ஸ் சைரன், இன்னொருமுறை பக்கத்து அறையில் யாரோ சிரிக்கும் சத்தம். ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. ஆனாலும் மூன்றும் மூன்று வேறு பெண்கள். அந்த வகுப்பு முடிந்ததும் நேராகப் போய் ஹெட்ஃபோனும் ஒரு ரெக்கார்டரும் கடனாக வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் தொலைக்காட்சி ஸ்டுடியோ. ஒரே நேரத்தில் பல கேமராக்கள் ஓடும். கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் சொல்லச் சொல்ல, கேமராக்களுக்கு இடையே மாற்றும் கருவியான விஷன் மிக்ஸரில் இருப்பவர் ஷாட் மாற்றுவார். ஃப்ளோர் மேனேஜர் உள்ளே கைச்சைகையால் நேரம் சொல்வார். வாரத்துக்கு ஒரு பொறுப்பு என்று எல்லோரும் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். அங்கே கற்றுக்கொண்டது குரல். எல்லார் காதிலும் ஒரே டாக்பேக் (கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஹெட்ஃபோனில் வரும் பேச்சு) ஒலிப்பதால், இயக்குநர் பதறினால் அந்தப் பதற்றம் நொடியில் கேமராக்காரரின் கைக்கு வந்துவிடும். இரண்டாம் கேமராவுக்கு மாறும் முன் "ரெண்டு ரெடி... ரெண்டு" என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் வேலை செய்வது தனிச் சுகம். எங்களில் அப்படிப் பேசியவள் கடைசிப் படத்துக்கு உதவி இயக்குநரானாள். எல்லோரும் விரும்பி அவளையே கேட்டோம்.

கடைசி ஆண்டுப் படத்துக்குக் கதைகளை ஆசிரியர் குழு முன் சொல்ல வேண்டும். அவற்றில் சில மட்டும் தேர்வாகும். மற்றவர்கள் அந்தப் படங்களில் ஒளிப்பதிவு, கலை, தயாரிப்பு, படத்தொகுப்பு, ஒலி என்று பிரிந்து சேர்வார்கள். நான் கதை சொல்லவே போகவில்லை. ஒலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கதை தேர்வாகாத நண்பர்கள் சிலர் மாதக்கணக்கில் மனமுடைந்து இருந்ததைப் பார்த்தேன். அது தகுதிக்கான தீர்ப்பு அல்ல என்று யாராவது முதல் ஆண்டிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் அருமையாக ஒளி அமைத்தவர் ஒரு கதைகூட எழுதியவர் அல்லர்.

படப்பிடிப்புக்கு முன்னால் காகித வேலை மலைபோல இருக்கும். திரைக்கதையில் ஒரு பக்கம் சுமாராகத் திரையில் ஒரு நிமிடம் என்று கணக்கிட்டு அட்டவணை போட வேண்டும். இட அனுமதி, நடிகர்களின் ஒப்புதல் கடிதம், ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இவையெல்லாம் கையெழுத்தாகி வந்தால்தான் கருவிகளைத் தருவார்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நியாயமானது. ஏணியில் நின்று விளக்கு மாட்டப் போவது நம் நண்பன்தானே.

லொகேஷன் பார்க்கப் போகும்போது ஒலிக்காரர் கட்டாயம் கூடப் போக வேண்டும். மற்றவர்கள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து மயங்கி நிற்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, சுவர்க்கடிகாரம், மேலே போகும் விமானம், பக்கத்துப் பள்ளிக்கூடம் எப்போது விடுகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். ஃப்ரிட்ஜை அணைத்தால் கார் சாவியை அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடவும் மறக்காது. நாங்களும் அதையே செய்தோம்.

படப்பிடிப்பில் கேமராவில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி. கிளாப் அடிப்பது இந்த இரண்டையும் பிறகு பொருத்துவதற்காக: பலகை மூடும் ஃபிரேமும் 'டப்' என்ற சத்தமும் ஒன்றாக உட்கார வேண்டும். பூமை ஃபிரேம் விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோகலாம் என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒளிப்பதிவாளரிடம் கேட்டுக்கொள்வேன். லென்ஸ் மாறினால் விளிம்பும் மாறும்.

சண்டை வந்ததெல்லாம் ரூம் டோனுக்குத்தான். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் யாரும் பேசாமல், அசையாமல், அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிடமாவது பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் களைத்துப்போய், வண்டி வெளியே காத்திருக்க, நான் இதைக் கேட்கும்போது முகங்கள் சுருங்கும். உதவி இயக்குநர்தான் காப்பாற்றினாள். "ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க" என்று அதே ஸ்டுடியோக் குரலில் சொல்வாள். எல்லோரும் அப்படியே நிற்பார்கள். சரி, அந்த ஒரு நிமிடம் எதற்கு? படத்தொகுப்பில் வசனத்துக்கு இடையே ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடம் செவிட்டு வெற்றிடமாகிவிடும். அந்த ஓட்டையை அந்த அறையின் சத்தத்தால்தான் அடைக்க முடியும். வேறு அறையின் மௌனம் அங்கே பொருந்தாது.

மெமரி கார்டை அழிக்கும் முன் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்வது எங்கள் குழுவில் மாற்ற முடியாத விதி.

அப்புறம் எடிட்டிங். எங்கள் முதல் கட் தேவையைவிட மிக நீளமாக வந்தது. வாரக்கணக்கில் குறைத்து ஒரு கட்டத்தில், இனி வெட்டு எதுவும் மாறாது என்று படத்தை லாக் செய்தோம். அதன் பிறகு ஒரு ஃபிரேம் நகர்ந்தாலும் ஒலியும் கலர் கிரேடிங்கும் (நிறத்தைச் சீராக்கும் வேலை) திரும்பத் தொடக்கத்துக்கு வர வேண்டும் என்பதால், இயக்குநர் நிம்மதியாகச் சம்மதிக்கும்வரை லாக் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. காட்சி மாறுவதற்கு முன்பே அடுத்த காட்சியின் சத்தம் நுழையும் ஜே கட், முந்தைய காட்சியின் குரல் அடுத்த காட்சிமேல் தொடரும் எல் கட் இரண்டும்தான் எங்கள் படத்தை ஓட வைத்தன. எங்கள் கதையில் மகள் வீட்டை விட்டுப் போகும் காட்சிக்கு நிறைய ஷாட் எடுத்திருந்தோம். கடைசியில் அம்மாவின் முகமும், திரைக்கு வெளியே ஒரு பெட்டிச் சக்கரம் படியில் இறங்கும் சத்தமும் மட்டும் மிஞ்சின. அந்தச் சக்கரச் சத்தத்தைப் பிறகு நானே ஒரு மாடிப்படியில் பெட்டியை இறக்கிப் பதிவு செய்தேன். மூன்று ஆண்டுகளில் நான் மிகப் பெருமைப்படும் வேலை அதுதான்.

எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸிங்கில் அளவும் முக்கியம். ஐரோப்பிய ஒளிபரப்பின் ஆர்128 அளவுப்படி சராசரி உரப்பு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு). எங்களுக்கும் அதைத்தான் கேட்டார்கள். இசைக்கு வெளியே இருந்து பாடல் எடுக்கவில்லை. ஒரு பாடலைப் பயன்படுத்த இசையமைப்புக்கு ஓர் அனுமதி, அந்தப் பதிவுக்கு இன்னோர் அனுமதி வேண்டும். இசைத்துறை மாணவர் ஒருவர் எங்களுக்காகவே அமைத்துக் கொடுத்தார். எழுத்தில் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டோம். பிறகு படத்தைத் திரைவிழாக்களுக்கு அனுப்ப அந்தக் காகிதம்தான் கைகொடுத்தது.

படத்தோடு ஒவ்வொருவரும் தன் பங்கை விளக்கி ஓர் அறிக்கை எழுத வேண்டும். குழு வேலையில் தனி மதிப்பெண் அதை வைத்துத்தான். முதல் நாளிலிருந்தே குறிப்பேடு வைத்திருந்தவர்களுக்கு அது சுலபம். நடுவில் காணாமல் போன ஒருவரால் எங்கள் குழு தவித்தபோது, யார் எதைச் செய்தார்கள் என்பதற்கு அந்தக் குறிப்புகளே சாட்சியாக நின்றன.

சேருமுன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கேமராவின் மாடலைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடைசி ஆண்டில் ஒரு மாணவருக்கு எடிட்டிங் அறையும் ஒலிக்கலவை அறையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், கதை தேர்வாகாதவர்களுக்கு என்ன பொறுப்பு தருவார்கள், முடித்த படத்தின் உரிமை மாணவருக்கா பல்கலைக்கழகத்துக்கா என்று கேளுங்கள். முடிந்தால் கடைசி ஆண்டு மாணவர் ஒருவரிடமும் இதே கேள்விகளைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.